பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டீரியோ: கேள்வி பதில்

கோவையில் கார் மின்வேலை பார்க்கத் தொடங்கி 26 ஆண்டுகள் ஆகின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஸ்டீரியோவைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பொள்ளாச்சி: அண்ணா, 2001 ஆடி டிடி. பேட்டரி மாற்றியதும் ஸ்டீரியோ திரையில் 'சேஃப்' என்று வந்துவிட்டது. இரண்டு முறை ரகசிய எண்ணைப் போட்டோம். இப்போது எந்தப் பொத்தானுக்கும் அசையவில்லை. செட் போய்விட்டதா?

செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பி. திருடிக்கொண்டு போனால் பாடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. மின்சாரம் அறுந்தால் தானே பூட்டிக்கொள்ளும். இரண்டு முறை தவறினால் சுமார் ஒரு மணி நேரம் எதையும் ஏற்காது. சாவியைத் திருப்பி, செட்டை ஆன் செய்து அப்படியே விட்டுவிடுங்கள். அணைத்து வைத்தால் அந்த ஒரு மணி நேரம் கணக்கில் ஓடாது. புது பேட்டரியாக இருந்தாலும் சார்ஜரை மாட்டி வையுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். 'சேஃப்' மறைந்து 1000 என்று தோன்றும். நான்கு இலக்கங்களையும் 1 முதல் 4 வரையுள்ள பொத்தான்களால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். முதல் பொத்தானை ஒருமுறை தட்டினால் முதல் இலக்கம் ஒன்று கூடும். எண் சரியாக வந்த பிறகுதான் அலைவரிசை தேடும் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். 1000 தெரிந்தவுடனேயே பதற்றத்தில் அதை அழுத்திப் பிடித்தால், நீங்கள் 1000 என்ற எண்ணையே கொடுத்ததாகச் செட் எடுத்துக்கொள்ளும். ஒரு வாய்ப்பு வீணாகும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஈரோடு: கார் வாங்கியபோது ரகசிய எண் அட்டை கிடைக்கவில்லை. ஒரு கடையில் சிப்பைப் படித்து எண் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். நம்பலாமா?

முடியக்கூடிய வேலைதான். அந்தக் காலத்துச் செட்டுகள் பலவற்றில் எட்டுக் கால்கள் கொண்ட சிறிய நினைவகச் சிப் ஒன்றில் எண் பதிந்திருக்கும். ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் பலகையில் உள்ள செம்புத் தடம் பெயர்ந்துவிடும். அதைக் கடைசி வழியாக வையுங்கள்.

முதலில் காரின் கையேட்டுப் பையைக் கொட்டித் தேடுங்கள். பழைய உரிமையாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் செட்டைக் கழற்றி, அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஆர்சி புத்தகத்துடன் அந்த கம்பெனியின் டீலரிடம் போங்கள். ஹோண்டாவாக இருந்தால் பல செட்டுகளில் கழற்றவே வேண்டாம்: 1, 6 இரண்டையும் அழுத்திக்கொண்டு ஆன் செய்தால் வரிசை எண் திரையிலேயே வரும்.

ஆர்சி கேட்காமல் எண் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். நானும் ஆர்சி பார்க்காமல் இந்த வேலையைத் தொடுவதில்லை.

திருப்பூர்: அப்பாவின் மாஸ்டா மியாட்டா காருக்கு என் தம்பி அமெரிக்காவிலிருந்து புது செட் வாங்கி வந்தான். மாட்டியாகிவிட்டது. மிர்ச்சியும் சூரியனும் வருகின்றன, ஹலோ எஃப்எம் மட்டும் தெளிவாக வரவில்லை. ஆன்டெனா பழுதா?

ஆன்டெனாவைத் தொட வேண்டாம், அம்மணி. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், 98.1, 98.3 என்று ஒற்றைப்படைப் புள்ளிகளில்தான் இருக்கும். செட்டும் அப்படியே தாவும். கோவையின் 93.5, 98.3 இரண்டும் அந்தப் படிகளில் விழுந்துவிடுகின்றன. ஹலோவின் 106.4 விழாது; 106.3, 106.5 இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். செட்டின் அமைப்புப் பட்டியலில் நாடு அல்லது வட்டாரம் என்று ஒன்று இருக்கும். அதை ஐரோப்பா என்றோ ஆசியா என்றோ மாற்றுங்கள். சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துபோகும், மீண்டும் பதிந்துகொள்ளலாம். ஜப்பான் உள்நாட்டுப் பழைய செட்டாக இருந்திருந்தால் சிக்கல் பெரிது. அவை 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும்.

கரூர்: டிடி காரில் புது புளூடூத் செட் போட்டேன். சாவியை எடுத்தால் நிலையங்கள் எல்லாம் மறந்துவிடுகின்றன. எஃப்எம் இரைகிறது. பழுது பார்க்கும் ஸ்கேனர் மாட்டினால் காரோடு பேச மறுக்கிறது. போதாக்குறைக்கு முன்னால் உள்ள அலுமினிய மூடியும் சாத்தவில்லை.

நான்கும் இந்தக் காருக்கே உரியவை. புது செட்டில் மஞ்சள் கம்பி எப்போதும் மின்சாரம் வேண்டுவது, சிவப்பு சாவியோடு வருவது. ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களின் கப்ளரில், அதாவது காரின் கம்பிகள் கொத்தாக வந்து செட்டில் செருகும் முனையில், இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். இரண்டையும் மாற்றிக் கொடுங்கள், மறதி போய்விடும். எஃப்எம் இரைவதற்குக் காரணம், ஆன்டெனாவின் பூஸ்டருக்கு 12 வோல்ட் ஆன்டெனாக் கம்பி வழியாகவே போக வேண்டும். பழைய செட் அதைக் கொடுத்தது, புதியது கொடுப்பதில்லை. அதற்கென்றே ஓர் இணைப்பான் கிடைக்கிறது, அதன் நீலக் கம்பியை, ஆன்டெனாவுக்கு மின்சாரம் தரும் செட்டின் நீலக் கம்பியோடு சேருங்கள். ஸ்கேனர் பேசாததற்கு, செட்டின் கப்ளரில் ஒரு முனை காரின் சோதனைக் கம்பியாக இருப்பதே காரணம். புது செட் அதை எர்த்தோடு சேர்த்துவிடுகிறது. கப்ளரிலிருந்து அந்த ஒரு முனையை மட்டும் வெளியே இழுத்து டேப் சுற்றி வையுங்கள்.

மூடிக்கு மருந்து இல்லை. புது செட்டின் குமிழ் முன்னால் துருத்துகிறது. என்னைக் கேட்டால், பழைய செட்டையே திரும்ப மாட்டுங்கள். அதன் பின்புறம் சிடி சேஞ்சருக்கான கப்ளர் இருக்கிறது. சேஞ்சர் இருப்பதுபோல் காட்டும் புளூடூத் இணைப்பான் அதில் பொருந்தும். பாட்டு கேட்கும், மூடி சாத்தும், டேஷ்போர்டு பிறந்தபடியே இருக்கும்.

எதைச் செய்தாலும் காரின் கப்ளரை வெட்டாதீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காரில் நான் வெட்டினேன். இரண்டு ஆண்டு கழித்து உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்த பழைய செட்டைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னார். டேஷ்போர்டுக்குள் பதினாறு கம்பிகள், எல்லாம் மூன்று விரல்கடை நீளம், பாதிக்கு நிறம் வெளுத்திருந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்து ஒட்ட இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து மாற்றுக் கப்ளர் இல்லாமல் எந்தச் செட்டையும் நான் மாட்டியதில்லை.

செட்டிபாளையம்: கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகச் செட்டையே கழற்றிவிடலாமா?

கழற்றலாம். ஃபியூஸை எடுத்துவிட்டு, கப்ளரை டேப் சுற்றிக் கட்டி வையுங்கள்.

உடுமலை: 2003 போர்ஷே பாக்ஸ்டர். செட்டைக் கழற்றியதும் ஒலியைக் கூட்டும் ஆம்ப் முழுவதும் ஊமையாகிவிட்டது. எந்தக் கம்பியில் மின்சாரம் வரவில்லை?

மின்சாரம் அல்ல, ஒளி. அந்த மாடல் ஆண்டு முதல் பாக்ஸ்டரின் ஒலிக் கருவிகள் ஒளியிழையால் வளையமாகக் கோக்கப்பட்டவை. ஒரு கருவியை எடுத்தால் வளையம் அறுந்து மற்றவையும் நின்றுவிடும். காரின் ஒளியிழைக் கப்ளர் போகும் இடத்தில் வளையத்தை மூடும் சிறிய கொக்கி ஒன்றை மாட்டினால் மற்றக் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். ஆனால் பாட்டு வேண்டுமென்றால் தலைமைச் செட்டும் வேண்டும். வேறு செட் போடுவதானால் ஒளியிழைக்கான மாற்றுப் பெட்டியும் வேண்டும். இழையை 25 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்காதீர்கள். முனையை விரலால் தொடாதீர்கள்.

கோபி: புது செட் போட்டபின் தோப்பு வீட்டில் நிறுத்திய கார் ஐந்தே நாளில் ஸ்டார்ட் ஆகவில்லை.

கதவைச் சாத்தி அரை மணி நேரம் கழித்து, மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் எர்த் முனைக்கும் அதிலிருந்து கழற்றிய எர்த் கம்பிக்கும் இடையில் மாட்டிப் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நல்லது. 500 காட்டினால் நாளுக்கு 12 ஆம்பியர் மணி போகிறது. 60 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாம் நாள் காலி. செட்டின் ஃபியூஸை எடுத்ததும் அளவு இறங்கினால் ஆம்பை ஆன் செய்யும் நீலக் கம்பியைப் பாருங்கள். அதைச் செட்டின் மஞ்சள் கம்பியோடு சேர்த்திருப்பார்கள், ஆம்ப் இரவு முழுதும் விழித்திருக்கும். இறங்காவிட்டால் சீட்டுக்கடியில் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். தோப்பில் நிற்கும் கார்களில் நான் அதிகம் காண்பது அதைத்தான்.