அப்பப்பா யாரைப் பின்னுரித்தாளராக எழுதினார்?

கேள்வி: என் அப்பப்பா வடமராட்சியிலிருந்து 1936இல் கிளிநொச்சிக்கு வந்த முதற் குடியேறிகளில் ஒருவர். இரணைமடுவுக்குக் கீழே காடு வெட்டி, பரணில் படுத்து யானைக்குக் காவல் இருந்து, மலேரியாவுக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்து உண்டாக்கிய காணி. 3 ஏக்கர் வயல், 1 ஏக்கர் மேட்டுக்காணி. பெர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) அவர் பேரில். 1987இல் அவரும் 2003இல் அப்பாச்சியும் காலமானார்கள். பெரியப்பா 1984இலிருந்து கனடாவில். நடுமகனான என் அப்பாதான் கடைசிவரை வயல் செய்தார். 2008 கடைசியில் இடம்பெயர்ந்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, 2010இல் திரும்பி வந்தும் செய்தார். 2016இல் அவர் போனதும் சித்தப்பா வயலைப் பிடித்துக்கொண்டார். பெரியப்பா தன் சார்பில் செயற்படத் தனக்கு அற்றோர்னி தத்துவம் எழுதித் தந்ததாகச் சித்தப்பா சொல்கிறார். எங்கள் பெர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி இது முதுசம், அதாவது பரம்பரைச் சொத்துத்தானே? காணியைப் பங்கு பிரிக்கக் கேட்டுப் பிரிவிடல் வழக்குப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வருமா? அப்பப்பாவின் வரலாற்றை 40 பக்கத்தில் எழுதியிருக்கிறேன், சாட்சியாக எடுபடுமா? அம்மா மேட்டுக்காணி வீட்டில் தனியே இருக்கிறார். அடுத்த மாதம் வவுனியாவுக்கு என்னோடு கூட்டிவர இருக்கிறேன்.

பதில்: 40 பக்கத்தையும் வாசித்தேன். யானை வந்த இரவைப் பற்றிய பகுதி நன்றாக இருக்கிறது. அச்சில் போடுங்கள். வழக்குக் கோப்புக்குள் மட்டும் வைக்க வேண்டாம், காரணம் கீழே வருகிறது.

பெரியப்பா செத்தவீட்டுக்கு வரவில்லை, சித்தப்பா உழவு இயந்திரத்தை விற்றுவிட்டார், அப்பாவின் முதுகு வளைந்தது இந்த வயலில்தான் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். இந்தக் காணி யாருக்கு என்பதை அவற்றில் ஒன்றும் தீர்மானிக்காது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றுதான் தீர்மானிக்கும். அப்பப்பா பின்னுரித்தாளர், அதாவது தனக்குப் பின் காணிக்கு உரியவர், என்று யாருடைய பெயரையாவது கொடுத்தாரா? கொடுத்திருந்தால் அது அவர் சாகுமுன் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதா?

இது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. தேசவழமை, முதுசம், தேடிய தேட்டம் (திருமணத்துக்குப் பின் சேர்த்த சொத்து) ஆகிய எதுவும் இதற்குள் நுழையாது. மரணசாதனம் இல்லாமல் ஒருவர் இறந்தால் சொத்து யாருக்கு என்று சொல்லும் வேறெந்தச் சட்டமும் இந்தக் காணிகளுக்குச் செல்லாது என்று 170ஆம் பிரிவு சொல்கிறது. 'மூன்று பிள்ளைகள், மூன்று பங்கு' என்ற கணக்கே இங்கே கிடையாது. காடு வெட்டினவனுடைய காணி துண்டு துண்டாகப் போகக் கூடாது என்பதற்காகவே எழுதிய சட்டம் இது. ஒருவருக்குப் பின் ஒருவர்தான். முதலில் மனைவி, அவருக்குப் பிறகு பதியப்பட்ட பின்னுரித்தாளர், அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள உறவினர் வரிசை. அந்த அட்டவணை முதலில் ஆண்மக்களையும் பிறகு பெண்மக்களையும் வைத்தது. ஒரே வரிசையில் பலர் இருந்தால் மூத்தவர் ஒருவருக்கே. ஆண் பெண் வேறுபாட்டை 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தம் எடுத்துவிட்டது. 1987இல் நடந்த சாவுக்கு அதைக் கொண்டுபோய் ஒட்ட முடியாது.

இனி உங்கள் வீட்டுக் கதை. அப்பப்பா உங்கள் அப்பாவின் பெயரை எழுதிப் பதிந்திருந்தால் நீங்கள் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். அப்பாச்சி இருந்தவரை காணி அவருடைய அனுபவத்தில். விற்கவோ புதிதாக ஒருவரைப் பெயரிடவோ அவருக்கு அதிகாரம் இல்லை. 2003இல் அவர் போனதும் உங்கள் அப்பாவுக்கு, 2016இல் அவர் போனதும் உங்கள் அம்மாவுக்கு. ஒருவரையும் எழுதவில்லையென்றால் மூத்தவர் பெரியப்பாதான். கனடாவில் இருந்து பனி தள்ளினாலும் மூத்தவர் மூத்தவரே. உங்கள் அப்பா 13 வருடம் பாடுபட்டதும் 2010இல் வந்து வெடிபொருள் எடுத்த வயலில் மறுபடி உழுததும் கணக்கில் வராது. 'பத்து வருடத்துக்கு மேல் ஆண்டோம்' என்ற வாதமும் எடுபடாது. பெர்மிட் காணியில் ஆட்சியால் உரிமை வராது என்று 161ஆம் பிரிவு நேராகவே சொல்கிறது. இடம்பெயர்ந்தவர்களுக்கென்று 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டத்தைச் சிலர் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். அது தனியார் காணியை இன்னொருவர் ஆண்டுவிட்ட விஷயம், உங்களுக்கு உதவாது.

பெரியப்பாவின் பெயரையே அப்பப்பா எழுதியிருந்தால்? மனைவி இறந்து ஆறு மாதத்துக்குள் பின்னுரித்தாளர் காணிக்குள் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அவருடைய உரிமை விழும். போரால் மூடியிருந்த ஏ-9 நெடுஞ்சாலை 2002இலேயே திறந்துவிட்டது, ஆகவே 2003இல் வர வழியில்லை என்று அவர் சொல்வது கடினம். ஆனால் அவருடைய உரிமை விழுந்த பிறகு அட்டவணைக்குப் போனால் அங்கேயும் மூத்த மகன் அவர்தான். முன்வாசலால் வெளியே அனுப்பப்பட்டவர் பின்வாசலால் வருகிறாரே என்று நீதிமன்றத்தில் வாதாடலாம். அந்த வாதத்தில் பிழைக்கப்போவது எங்களைப் போன்ற சட்டத்தரணிகள்தான்.

ஆகையால் பெர்மிட் தொலைந்ததற்காக அழ வேண்டாம். உங்களிடம் இருந்தது ஒரு பிரதி. பிரதேச செயலகத்தின் பேரேட்டைப் பாருங்கள், பின்னுரித்தாளர் பதிவைக் காணிப் பதிவகத்தில் தேடுவியுங்கள். 1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது என்பதை மறந்து கிளிநொச்சியில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று திரும்பி வருபவர்கள் உண்டு. இன்னொன்று, வயலும் மேட்டுக்காணியும் ஒரே பெர்மிட்டா, இரண்டா என்று பாருங்கள். இரண்டென்றால் ஒன்றுக்கு ஒருவர், மற்றதுக்கு வேறொருவர் என்று எழுதியிருக்கவும் இடமுண்டு.

இனி, என் கட்சிக்காரர்கள் விழுந்த குழிகள்.

முதலாவது பிரிவிடல் வழக்கு. ஒரு குடும்பம் இதே மாதிரிக் காணிக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்து ஒன்பது வருடம் நடந்தது. நில அளவையாளருக்குக் காசு, ஆளுக்கொரு சட்டத்தரணி, தவணைக்குத் தவணை பேருந்து. கடைசியில் இது அரச காணி என்ற ஒரு வரியில் வழக்கு விழுந்தது. அவர்கள் என்னிடம் வந்தது பத்தாவது வருடம்.

இரண்டாவது காகிதம். சமாதான நீதவான் முன் எழுதிய இணக்கக் கடிதம், முத்திரை ஒட்டிய விற்பனை ஒப்பந்தம், நொத்தாரிசு எழுதிய நன்கொடை உறுதி என்று பை நிறையக் கொண்டுவருவார்கள். பிரதேச செயலாளரின் எழுத்திலான சம்மதம் இல்லாமல் பெர்மிட் காணியைக் கைமாற்றி எழுதும் உறுதி வெற்றுக் காகிதம், 162ஆம் பிரிவு. சித்தப்பாவிடம் இருக்கும் அற்றோர்னி தத்துவமும் இப்படித்தான். பெரியப்பாவுக்கு உரிமை இருந்தால் அவருக்காகச் சித்தப்பா கச்சேரிக்கு (அரச செயலகத்துக்கு) போய் வரலாம், அவ்வளவுதான். அந்தத் தாளால் காணி சித்தப்பாவுடையது ஆகாது. இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பெரியப்பாவிடம் காசு கொடுத்து ஒரு உறுதி எழுதி வாங்கலாமா என்று 38ஆம் பக்கத்தில் யோசித்திருக்கிறீர்கள். வேண்டாம். கொடுக்கிற காசு திரும்பி வராது.

மூன்றாவது, ஆட்கள் அதிகம் விழுவதும் நான் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான். கோபத்தில் நீளமாக முறைப்பாடு எழுதுவது. பெர்மிட் என்பது நிபந்தனைகளோடு வந்த காணி. நிபந்தனை மீறினால் அறிவித்தல் அனுப்பி ரத்துச் செய்யும் வழி 106ஆம் பிரிவில் தொடங்குகிறது. உங்கள் குடும்ப வரலாற்றின் 22ஆம் பக்கத்தில் அப்பப்பா தம்பி முறையான ஒருவருக்கு 'ஒரு ஏக்கரை வாயால் கொடுத்தார்', அவர் குத்தகைக்கு விட்டார் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய தாராளத்தைக் காட்டத்தான் எழுதினீர்கள், எனக்கு விளங்குகிறது. காணி உத்தியோகத்தருக்கு அது நிபந்தனை மீறல். அந்தத் தம்பியின் பேரனுக்கு அது புதிய உரிமைக் கோரிக்கை. இதைப் பிரதேச செயலகத்தின் காணி விசாரணையில் நீங்களே கொண்டுபோய் நீட்டினால் சித்தப்பாவும் போவார், நீங்களும் போவீர்கள், காணி இன்னொருவருக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் 'இவர் இங்கே இருக்கவே இல்லை' என்று எழுதிக் கொடுத்து இரண்டு பக்கமும் வெளியே நின்ற குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். 2024இல் 'உறுமய' என்ற அரச திட்டத்தில் முழு உரித்து உறுதி கொடுக்கும் பேச்சு வந்தபோது இந்தச் சண்டைகள் இன்னும் கூடின. விசாரணையில் கேட்டதற்குப் பொய் சொல்ல வேண்டாம். கேட்காத வரலாற்றை ஒப்புவிக்கவும் வேண்டாம்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன், பிள்ளை: சமாதானமாகப் போங்கள். பதிவில் உங்கள் அப்பாவின் பெயர் இருந்தால் பலத்தோடு பேசுவீர்கள், இல்லையென்றால் பணிந்து பேசுவீர்கள். இரண்டிலும் பேச வேண்டியது ஒன்றுதான்: மேட்டுக்காணியும் வீடும் அம்மாவுக்கு, வயல் சித்தப்பாவுக்கு. இரண்டாகப் பிரிக்க இடமிருக்கிறதா என்பதைப் பிரதேச செயலாளர்தான் சொல்ல வேண்டும். அதனால் உங்களுக்குள் எழுதிக்கொள்ளாமல் மூன்று தரப்பும் ஒரே நாளில் காணி விசாரணைக்குப் போய் அங்கேயே சொல்லுங்கள். பெரியப்பா தனக்கு வேண்டாம் என்பதைச் சித்தப்பாவுக்கோ உங்களுக்கோ எழுதித் தராமல் பிரதேச செயலாளருக்கு எழுதட்டும். 3 ஏக்கர் போகிறதே என்று நெஞ்சு எரியும். பதிவு இல்லாவிட்டால் அந்த 3 ஏக்கர் ஒருநாளும் உங்களுடையதாக இருந்ததில்லை.

அம்மாவை அடுத்த மாதம் வவுனியாவுக்குக் கூட்டிவரும் திட்டத்தை நிறுத்துங்கள். 2016இலிருந்து அந்த வளவில் விளக்கு வைத்து இருப்பவர் அவர் ஒருவர்தான். உங்கள் தரப்பில் உருப்படியாக இருப்பதும் அதுதான். தனியே இருக்கப் பயமென்றால் நீங்கள் போய் அவரோடு இருங்கள். வாக்காளர் இடாப்பில் அம்மாவின் பெயர் அந்த முகவரியில் இருக்கிறதா என்று கிராம அலுவலரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள்.