புது ஸ்பிரிங் போட்டும் கார் ஏன் கோணலாக நிற்கிறது?

மழை ஓய்ந்து ரோட்டுப் பள்ளங்கள் வெளியே தெரிய ஆரம்பித்தால் சக்கரத்துக்கு மேல் வண்டியைத் தாங்கி நிற்கும் ஸ்பிரிங் பற்றி எனக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை அவற்றையே மொத்தமாக எடுத்துக்கொண்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். மெக்கானிக்குகளின் பரம்பரையை இழுத்துத் திட்டிய வரிகளை மட்டும் முழுதாக வெட்டிவிட்டேன்.

கேள்வி: ஒன்பது வருட ஹேட்ச்பேக். முன்பக்க ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினேன். ஒரே கம்பெனி, ஒரே பெட்டி. கூலியோடு 6,400 ரூபாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது பக்கம் இரண்டு சென்டிமீட்டர் தூக்கலாக நிற்கிறது. “ஓட ஓட உட்கார்ந்திடும் சார்” என்றார் மெக்கானிக். 1,500 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, உட்காரவில்லை. ஸ்பிரிங் டூப்ளிகேட்டா? வழக்குப் போடலாமா? (இடது லோயர் ஆர்ம் புஷ்ஷும் அன்றைக்கே மாற்றப்பட்டது.) — மதுரை வாசகர்

பதில்: அடைப்புக்குறிக்குள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பதில் அநேகமாக அங்கேதான் இருக்கிறது. அதற்கு முன்னால் டேப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் அளக்கிறார்கள். ஒரு டயரில் காற்று குறைந்திருந்தாலும், ஒரு டயர் தேய்ந்திருந்தாலும் அந்த அளவு பொய் சொல்லும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். வண்டியில் ஆள் இருக்கக்கூடாது, டிக்கியில் அரிசி மூட்டை இருக்கக்கூடாது. ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடும் அளக்காதீர்கள். நாலடி முன்னால், நாலடி பின்னால் உருட்டி, பானட்டை இரண்டு தடவை அமுக்கி விட்டுவிட்டு அளங்கள்.

தரையையும் நம்பாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். முந்தைய காருக்கு ஸ்பிரிங் மாற்றிவிட்டு, வலது பக்கம் இறங்கியிருக்கிறது என்று ஒரு மாதம் கடைக்கும் வீட்டுக்கும் நடந்தேன். மெக்கானிக் பொறுமைசாலி, இரண்டு தடவை கழற்றிப் பார்த்தார். கடைசியில் எங்கள் வீட்டில் டைல்ஸ் ஒட்ட வந்த மேஸ்திரி டியூப் லெவலைப் போர்டிகோவில் வைத்தார். மழைத்தண்ணீர் ஓடட்டும் என்று தரையையே சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள்! அந்த மெக்கானிக்குக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் மேஸ்திரிக்குக் காத்திருக்க வேண்டாம். அளந்த அதே இடத்தில் வண்டியைத் திருப்பி, மூக்கு எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தி மறுபடி அளங்கள். தூக்கல் பக்கம் மாறிவிட்டால் கோளாறு தரையில்.

மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். “ஓட ஓட உட்காரும்” என்பது பாதி உண்மை. புது ஸ்பிரிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தழையும். ஆனால் தழைந்தால் இரண்டு பக்கமும்தான் தழையும். ஒரு பக்கம் மட்டும் 1,500 கிலோமீட்டர் வரைக்கும் முறுக்கிக்கொண்டு நிற்காது.

ஸ்பிரிங்கின் கீழ் நுனியைப் பாருங்கள். அது உட்காரும் தட்டில் ஒரு படி இருக்கும். நுனி அந்தப் படியை ஒட்டி முடிய வேண்டும். படி மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் உயரும். ஸ்டீயரிங் திருப்பும்போது ‘டொக்’ என்று சத்தமும் வரும். அப்புறம், ஸ்பிரிங்குக்கு மேலும் கீழும் வரும் ரப்பர் சீட். ஒரு பக்கம் பழையது அமுங்கி இத்துப்போயிருக்க, மறுபக்கம் புதியது போட்டிருந்தால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

இப்போது அந்த புஷ். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிப்பக்கத்தோடு பிணைக்கும் இரும்புக் கை. அது வண்டியோடு சேரும் மூட்டில் இருப்பதுதான் புஷ்: உள்ளே ஒரு இரும்புக் குழாய், வெளியே ஒரு இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டிய ரப்பர். போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகிக்கொடுக்கும். வண்டி ஜாக்கியில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை இறுக்கிவிட்டால், தொங்குகிற நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். கீழே இறக்கியதும் ரப்பர் பிழிந்த துண்டு மாதிரி முறுகி, வண்டியை மேலே தூக்கப் பார்க்கும். உங்கள் வண்டியில் இடது புஷ்தான் மாற்றியிருக்கிறது; இடதுதான் தூக்கி நிற்கிறது. இப்படியே விட்டால் அந்த ரப்பர் சீக்கிரம் கிழியவும் செய்யும்.

வைத்தியம் சுலபம். குழி உள்ள பட்டறைக்கோ, நாலு சக்கரமும் ஊன்றி நிற்கும் ரேம்ப் உள்ள இடத்துக்கோ போங்கள். அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைக் குலுக்கி உட்கார வைத்து, அதே நிலையில் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனர்) வைத்து இறுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

அதற்கும் சரியாகவில்லை என்றால், இடது ஸ்பிரிங்கை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். (உங்கள் மாடலுக்கு இரு பக்கமும் ஒரே பார்ட் நம்பர்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், சில கார்களில் வேறு வேறு.) தூக்கல் வலது பக்கம் தாவினால் ஸ்பிரிங் மேல் தப்பு. பில்லோடு கடைக்குப் போங்கள். அப்போது நானும் உங்கள் கட்சி. பத்து மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் மட்டும் எனக்கு மறுபடி எழுதாதீர்கள். நான் அதற்குக் கவலைப்படுகிற ஆள் இல்லை.

கேள்வி: வலது முன் ஸ்பிரிங் மட்டும் உடைந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? — ஈரோடு வாசகர்

பதில்: போதாது. முன்னால் என்றால் முன்னால் இரண்டும், பின்னால் என்றால் பின்னால் இரண்டும்.

கேள்வி: நான் 104 கிலோ. நான் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் பக்கம் மட்டும் இறங்குகிறது. ஸ்பிரிங் வீக்கா? — பெயர் வேண்டாம்

பதில்: ஸ்பிரிங் வேலை செய்கிறது.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். டீசல் காருக்கு முன் ஸ்பிரிங் ஜோடி என்று சொல்லிக் கேட்டு வாங்கினேன். மாட்டிய பிறகு வலது பக்கம் நன்றாகவே இறங்கி நின்றது. மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: ஒன்றில் இரண்டு மஞ்சள் கோடு, இன்னொன்றில் ஒரு நீலக் கோடு. ஒன்று டீசலுக்கு, மற்றது பெட்ரோலுக்காம். கடைக்காரர் “மாட்டிக் கழற்றிய பொருளை எப்படிம்மா வாங்குவது?” என்று கேட்டு, சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். பில் கேட்டால் துண்டுச்சீட்டு ஒன்றைக் கொடுத்தார். — திருச்சி வாசகி

பதில்: அம்மா, உங்கள் மேல் துளி தவறும் இல்லை. டீசல் எஞ்சின் கனம் அதிகம். அதனால் முன் ஸ்பிரிங்கும் அதற்கேற்ற பலத்தில் வரும். வெறுங்கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அதற்காகத்தான் கம்பெனியில் வண்ணக் கோடு போடுகிறார்கள். உங்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை, கடைக்காரருக்குத் தெரிய வேண்டும்.

அந்தப் போர்டைப் பற்றி நான் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும். “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.” சாமி படத்துக்குப் பக்கத்தில், சில சமயம் சாமி படத்தை விடப் பெரிதாக, மாலை மட்டும்தான் போடவில்லை. இதை மாட்டிவிட்டால் சட்டமே வாசலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். பில் புத்தகத்தின் அடியிலும் அச்சடித்துவைக்கிறார்கள். வாங்குகிறவர்களும் அதைப் படித்துவிட்டு, ஏதோ கோர்ட் உத்தரவைப் பார்த்ததுபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். முப்பது வருடமாக இந்தப் போர்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியதுதான் மிச்சம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 என்று ஒன்று 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் 2(47)-ஆவது பிரிவு நியாயமற்ற வணிக நடைமுறைகள் எவை என்று பட்டியல் போடுகிறது. பில் தராதது அதில் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது இன்னொன்று. அதற்குப் பில்லில் குறித்த கெடு, அப்படி எதுவும் குறிக்காவிட்டால் முப்பது நாள். கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்று போய் நின்றால் கடைக்காரர் மறுக்கலாம். அது வேறு விஷயம். ஜோடி என்று விற்றுவிட்டு ஜோடியில்லாததைக் கொடுத்தவர் போர்டுக்குப் பின்னால் ஒளிய முடியாது.

நீங்கள் செய்ய வேண்டியது: இரண்டு ஸ்பிரிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வண்ணக் கோடுகளும் எண்களும் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். மெக்கானிக்கிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். யுபிஐ-யில் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரமும் சாட்சிதான். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம். கூடவே 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அது தேசிய நுகர்வோர் உதவி எண். நிறையக் கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், பொருளின் விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. மாட்டிக் கழற்றிய கூலியையும் சேர்த்துக் கேளுங்கள். முப்பத்தைந்து பிள்ளைகளை ஒரே வகுப்பில் கட்டி மேய்த்தவர், ஒரு கடைக்காரருக்குப் பயப்படலாமா?

கேள்வி: ஒரு பக்கம் இறங்கியதால் ஆன்லைனில் ஸ்பிரிங் ரப்பர் பஃபர் வாங்கி அந்தப் பக்கம் மட்டும் செருகினேன். இப்போது உயரம் சரி. ஆனால் பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கிறது. — சேலம் வாசகர்

பதில்: இருக்கும். அந்த ரப்பர் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவற்றை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும், மறுபக்கம் பழையபடி. ஸ்பிரிங் ஏன் இறங்கியது என்று பார்க்காமல் அதன் வாயில் ரப்பரைத் திணித்திருக்கிறீர்கள்.

நானும் வாங்கியவன்தான், அதனால் ரொம்பத் திட்டவில்லை. ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டுகிறது என்று நாலு சக்கரத்துக்கும் வாங்கிச் செருகினேன். ஜெர்மன் தொழில்நுட்பம் என்று பெட்டியில் போட்டிருந்தது. மாட்டுவண்டித் தொழில்நுட்பம் என்பது இரண்டு நாளில் தெரிந்தது. பின்சீட்டில் உட்கார்ந்த மாமியார் வேலூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தபோது மூன்றுதான் இருந்தது. கழற்றி எறியுங்கள்.

கேள்வி: தூக்கலாக நிற்கும் பக்கத்து ஸ்பிரிங்கில் அரைச் சுற்று வெட்டிவிட்டால் சமமாகிவிடும் என்கிறார் தெரிந்த வெல்டர். செய்யலாமா? — கோவை வாசகர்

பதில்: வேண்டாம். தட்டில் உட்காரும் நுனியையே வெட்டிவிட்டால் பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவும். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும். வெல்டரிடம் கேட் செய்யக் கொடுங்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கிப் பத்து நாள் ஆகிறது. வலது முன்பக்கம் சாய்ந்திருந்தது. “ஸ்பிரிங் மாத்தினா சரியாயிடும்” என்று விற்றவர் சொன்னதால் இரண்டு ஸ்பிரிங், இரண்டு மவுண்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் மாற்றினேன். இன்னும் அதே சாய்வு. ராத்திரியில் பார்த்து வாங்கியதால் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. — சென்னை வாசகர்

பதில்: கத்தரிக்காயைக் கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். நீங்கள் காரைத் தெருவிளக்கில் வாங்கியிருக்கிறீர்கள். சாய்வைப் பார்த்த பிறகும், விற்கிறவர் சொன்ன காரணத்தையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு செலவு செய்திருக்கிறீர்கள்.

புது ஸ்பிரிங்குகளைப் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சாய்வு நகராமல் அங்கேயே நின்றால் வண்டி எங்கோ அடிபட்டிருக்கிறது. பானட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேலே வந்து மாட்டும் இடத்தை இடமும் வலமும் ஒப்பிடுங்கள்: புது வெல்டிங், வேறு மாதிரி சீலன்ட், பெயின்ட் நிற வித்தியாசம். நல்ல பாடி ஷாப்பில் சேஸிஸ் அளவு எடுக்கச் சொல்லுங்கள். பின்பக்க இடது ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஒரு மூலையில் உள்ள கோளாறு குறுக்கு மூலையில் முகம் காட்டுவதுண்டு. இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தை வாங்கிப் பாருங்கள். விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவர், விபத்தை மறைத்தார் என்றால் திருச்சி ஆசிரியைக்குச் சொன்ன வழியெல்லாம் உங்களுக்கும் உண்டு. யாரோ ஒரு தனிநபர் தன் சொந்தக் காரை விற்றார் என்றால் நுகர்வோர் ஆணையம் உதவுவது கஷ்டம். சிவில் வழக்குக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: பைக்கில் பின் ஷாக் அப்சார்பர் இரண்டும் புதிது. ஒன்று மட்டும் அமுங்கின மாதிரி தெரிகிறது. திரும்ப மாற்ற 1,800 ரூபாய் கேட்கிறார்கள். — தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஸ்பிரிங்குக்கு அடியில் படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். ஒரு பக்கம் இரண்டாவது படியிலும் மறுபக்கம் நாலாவதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் இரண்டையும் ஒரே படிக்குத் திருப்புங்கள். அதற்கான ஸ்பேனர், முந்தைய ஓனர் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், சீட்டுக்கு அடியில் டூல் பையில் கிடக்கும்.