குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குக் குடிபோகிறோம், எதை முதலில் கவனிக்க வேண்டும்?

கேள்வி: சேலத்திலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றல் வந்திருக்கிறது. மனைவி, இரண்டு குழந்தைகள், அம்மா எல்லாரும் என்னோடு வருகிறார்கள். அங்கே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஜூன் மாதம் சேர வேண்டும். வீடு, பள்ளிக்கூடம், மற்ற ஏற்பாடுகளில் எதை முதலில் பார்ப்பது?

பதில்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் 'அம்மா' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. வீட்டையும் பள்ளியையும் நீங்கள் எப்படியும் பார்த்துவிடுவீர்கள். அதனால் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

2016 ஜூனில் நாங்கள் ஈரோட்டிலிருந்து நாகர்கோவிலுக்குப் போனோம். எனக்கு வங்கி வேலை, பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. கணவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி, அவரும் கேட்டுப் பார்த்து அந்தப் பக்கத்துக்கே வாங்கிக்கொண்டார். ஏழாம் வகுப்பு மகள், இரண்டாம் வகுப்பு மகன், என் மாமியார் என மொத்தம் ஐந்து பேர். 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம். திருநெல்வேலி வரை வெயில் கொளுத்தியது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் காற்று மாறியது, நாகர்கோவிலுக்குள் நுழையும்போது தூறல்.

ஈரோட்டில் ஜூன் மாதம் மழை என்று யாரும் குடை எடுப்பதில்லை. நாகர்கோவிலில் பள்ளி திறப்பதும் மழை தொடங்குவதும் ஒன்றாக வரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே நன்றாகக் கிடைக்கிற மாவட்டம் இது. மேற்குத் தொடர்ச்சி மலை மறைப்பதால் ஈரோடு, சேலம் பக்கமெல்லாம் தென்மேற்கு மழை இவ்வளவு வந்து சேராது, குமரிக்கு அந்த மறைப்பு இல்லை. வந்த மறுநாளே மணிமேடைப் பக்கம் ஒரு கடைக்குப் போய்க் குடை வாங்கினோம். எனக்கு ஒன்று, கணவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு இரண்டு. நான்கு குடை.

அத்தைக்கு வாங்கவில்லை. வேண்டாம் என்று நினைத்து விட்டதில்லை, அவர் வெளியே போவார் என்ற எண்ணமே எங்கள் யாருக்கும் வரவில்லை.

ஈரோட்டில் அவர் காலை ஐந்தரைக்குப் பால் வாங்கப் போவார். திரும்பும்போது தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டு, எதிர்வீட்டுத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வருவார். சாயங்காலம் மறுபடி அதே திண்ணை. நாகர்கோவிலில் பால் பாக்கெட் வாசலுக்கே வந்தது. சௌகரியம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மூன்று வாரம் கழித்து ஒருநாள் நான் சீக்கிரம் வீடு திரும்பினேன். நல்ல மழை. அத்தை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், சன்ஷேடுக்கு அடியில் ஒரு ஓரமாக, தலையில் அரிசிக்கடைப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார். சேலைக் கரை முழுக்க நனைந்திருந்தது.

"தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்னு பார்த்தேன் கண்ணு. இந்த மழை விடவே மாட்டேங்குது. அடுத்தவாட்டி கடைக்குப் போனா எனக்கும் ஒரு குடை வாங்கிட்டு வந்துரு."

அவ்வளவுதான் சொன்னார். ஒரு குறையும் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. எனக்கு வங்கியில் ஒரு நாற்காலி தயாராகக் காத்திருந்தது. பிள்ளைகளுக்கு வகுப்பில் இடம் இருந்தது. கணவருக்கு மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று தினமும் போக ஊர்கள் இருந்தன. அத்தைக்கு மட்டும் நாங்கள் எதுவுமே ஏற்பாடு செய்யவில்லை, ஒரு அறையையும் டிவியையும் தவிர. குடும்பமாக ஊர் மாறும்போது அதிகம் இழக்கிறவர் யார் என்று கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது அம்மாவாக இருக்கலாம், வேலையை விட்டுவிட்டு வருகிற மனைவியாகவும் இருக்கலாம். அவருக்கு வேண்டியதைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ற வீட்டைத் தேடுங்கள்.

குடை வந்த பிறகு என்ன நடந்தது என்று சொல்ல, முதல் வாரத்துக்கே திரும்பிப் போக வேண்டும். குடிவந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். "சக்கை கொண்டாந்திருக்கேன், பிள்ளையளுக்குக் குடுங்க" என்று அத்தையின் கையில் தந்துவிட்டுப் போனார். கொங்குப் பக்கம் சக்கை என்றால் கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சுவது. அத்தைக்கு முகமே வாடிவிட்டது. சட்டியைத் திறக்காமல் அடுப்படி மேடையில் வைத்துவிட்டார். சாயங்காலம் நான் வந்து மூடியைத் திறந்தால், தேங்காய் துருவிப் போட்டுப் பக்குவமாகச் செய்த பலாக்காய்த் துவரன். குமரி மாவட்டத்தில் பலாதான் சக்கை, பொரியல்தான் துவரன். அன்று ராத்திரி சட்டி காலி. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பது அத்தைக்கு ஆகாது. மறுநாள் கழுவித் துடைத்து, ஈரோட்டிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சள்தூளை நிரப்பிக் கொடுத்தார்.

அதோடு நின்றுபோயிருக்கும். குடை வந்ததால்தான் தொடர்ந்தது. ஆச்சி தினமும் சாயங்காலம் நாகராஜா கோயிலுக்குப் போகிறவர். அத்தையும் கூடப் போக ஆரம்பித்தார். கருவறையின் ஓலைக்கூரையும், பிரசாதமாகத் தருகிற மண்ணும் அவருக்குப் பெரிய அதிசயம். ஆவணி ஞாயிறுகளில் கூட்டம் நெருக்கித் தள்ளும், அந்தக் கூட்டத்திலும் போனார். இரண்டே மாதத்தில் தெருவில் என்னைவிட அவருக்குத்தான் ஆட்கள் அதிகம் தெரியும். நல்ல டாக்டர் யார், எந்த ஆட்டோக்காரர் நியாயமாகக் கேட்பார், பிளம்பர் எங்கே கிடைப்பார் என்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை வழியாக வந்ததுதான்.

இனி வீடு. வாடகை, ஒத்தி இரண்டு விதமாகவும் கிடைக்கும். உங்கள் பக்கம் போகியம் என்று சொல்வதுதான் இங்கே ஒத்தி: மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மாதச் செலவு குறையும் என்பதால் ஆசை வரும். வங்கியில் இருக்கிறவளாக ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒத்திப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அதோடு மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். பத்திரம் வங்கியில் இருக்கிறது என்றால் வீட்டின் மேல் கடன் இருக்கிறது. உரிமையாளர் தவணை கட்டாமல் விட்டால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய ஒத்தியை வைத்துக்கொண்டு அப்போது நீங்கள் எதுவும் செய்ய முடியாது. அப்படி வந்து கலங்கி நின்றவர்களை என் மேசைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். ஒத்தி என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். உரிமையாளர் தயங்கினால் வாடகை வீடே போதும்.

முதல் வருடம் எப்படியும் வாடகையில் இருப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம். இந்த மாவட்டம் சின்னதாக இருந்தாலும் கிழக்கும் மேற்கும் ஒன்றல்ல. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்று அதிகம், மழை கொஞ்சம் குறைவு. மேற்கே மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் போகப் போக ரப்பரும் ஈரமும்தான். பேச்சில் மலையாளச் சாயலும் கூடும். நாகர்கோவில் இரண்டுக்கும் நடுவில். ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து பார்த்தால்தான் எந்தப் பக்கம் உங்களுக்கு ஒத்துவரும் என்று தெரியும்.

வீடு பார்க்கப் போகும்போது கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். கப்பியும் கயிறும் வாளியுமாக, இறைக்கிற நிலையில் இருக்கிற கிணறு. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும்தான். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் அடித்தபோது விடிவதற்கு முன்பே கரண்ட் போய்விட்டது. மரங்களும் கம்பங்களும் சாய்ந்து கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர எட்டு நாள் ஆனது. மேல்தொட்டித் தண்ணீர் மறுநாளே தீர்ந்துபோனது. அந்த எட்டு நாளும் ஆச்சி வீட்டுக் கிணற்றில்தான் இறைத்தோம். என் மகளும் ஆச்சியின் பேத்தியும் காலையில் ஆளுக்கு இருபது வாளி இறைத்து, தெருவில் மூன்று வீடுகளுக்குக் கொண்டுபோய் ஊற்றினார்கள். கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நாட்கள் அவை. வெளியூர்க்காரர்களாக வந்த நாங்கள் இந்த ஊரின் துக்கத்தில் உட்கார்ந்தது அப்போதுதான். அதன் பிறகு எங்களை யாரும் "எந்த ஊரு?" என்று கேட்கவில்லை.

பள்ளிக்கு வருவோம். மாநிலப் பாடத்திட்டம் என்றால் பாடத்தில் சிக்கலில்லை, புத்தகம் ஒன்றுதான். மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பிள்ளைகளின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிட்டார்களா என்று பழைய பள்ளியில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அதை மாற்றாமல் விட்டால் புதிய பள்ளியால் பெயரை ஏற்ற முடியாது. ஒரு கையெழுத்துக்காகச் சேலம் வரை அலைய வேண்டியிருக்கும்.

சேலத்தில் இல்லாத சில உள்ளூர் விடுமுறைகளும் உண்டு. ஓணம், தாய்த் தமிழகத்தோடு 1956-இல் இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்காக டிசம்பர் 3, மாசி 20-இல் அய்யா வைகுண்டர் அவதார தினம், மண்டைக்காட்டுக் கொடை என்று வருடம் முழுக்க வரும். பள்ளிக்கூடம் கிடையாது, ஆனால் வங்கிக்கு வேலை நாள். வங்கி விடுமுறையைத் தீர்மானிக்கிற செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருகிற விடுமுறை அல்ல என்று ஆட்சியர் அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள். நீங்களும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இந்த நாட்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள்.

பேச்சைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். முதல் வாரம் என் மகள் அழுதுகொண்டு வந்தாள், கூடப் படிக்கிறவர்கள் "ஏட்டி" என்று கூப்பிடுகிறார்களாம். "வாங்க, போங்க" என்று குழந்தையையும் மரியாதையாகக் கூப்பிட்டுப் பழகிய எங்களுக்கு அது அடிக்கிற மாதிரி இருந்தது. இங்கே அது நெருக்கமானவர்களை அழைக்கிற சொல். ஆண்பிள்ளைகளுக்கு "லேய்", இன்னும் பிரியம் கூடினால் "மக்கா". ஓணத்துக்குள் அவளும் "ஏட்டி" என்று பேச ஆரம்பித்துவிட்டாள். கடையில் மிளகு கேட்டால் "நல்லமிளகா?" என்று திருப்பிக் கேட்பார்கள், மிளகின் பெயரே இங்கே அதுதான். கத்திரிக்காய்க்கு வழுதலங்காய்.

சாப்பாடு பழகுவதற்கு நாளாகும், அவசரப்பட வேண்டாம். அத்தை ஒரு டின் கடலை எண்ணெயோடு வந்தவர், தேங்காயெண்ணெய் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுக்கொண்டார். சம்பா அரிசிச் சோறு அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. மட்டிப்பழம் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. சின்னதாக, வாசனையாக இருக்கும், கைக்குழந்தைக்குக்கூட மசித்துக் கொடுப்பார்கள்.

துணி ஜூனிலும் காயாது, அக்டோபரிலும் காயாது. வீட்டுக்குள் கொடி கட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளைவுட் அலமாரி ஈரத்தில் உப்பிவிடும், அதை லாரி ஏற்றிக் கொண்டுவர வேண்டாம்.

நாங்கள் செய்த இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் போகிற இரவு ரயில் ஈரோடு வழியாகத்தான் போகிறது. அதனால் முதல் வருடம் இரண்டு நாள் லீவு சேர்ந்தால் போதும், ஊருக்கு ஓடினோம். முதல் ஓணத்துக்கும் அப்படித்தான். பிள்ளைகளின் கூட்டாளிகள் எல்லாரும் தோவாளைச் சந்தையில் பூ வாங்கி அத்தப்பூக்கோலம் போட்ட நாளில் நாங்கள் ரயிலில் இருந்தோம். அடுத்த வருடம் போகாமல் இருந்தோம். ஆச்சி வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்ட பிறகுதான், பிள்ளைகள் "நம்ம ஊர்" என்று நாகர்கோவிலைச் சொல்லக் கேட்டேன். முதல் வருடப் பண்டிகைகளில் இரண்டையாவது நாகர்கோவிலிலேயே கொண்டாடுங்கள்.

2021 வரை அங்கே இருந்தோம். இப்போது ஈரோட்டில்தான் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தையும் ஆச்சியும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

லாரி பேசுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அம்மாவோடு உட்காருங்கள். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை இப்போது அவர் எங்கெங்கே போகிறார், யார் யாரோடு பேசுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் குறைந்தது மூன்று நடந்து போகிற தூரத்தில் கிடைக்கிற மாதிரி வீடு பாருங்கள். கோயிலோ தேவாலயமோ கடைத்தெருவோ, எதுவானாலும் சரி. உங்கள் அலுவலகம் ஒரு பஸ் தள்ளி இருந்தால் பரவாயில்லை, வடசேரியிலிருந்தும் மீனாட்சிபுரத்திலிருந்தும் எல்லாப் பக்கமும் பஸ் இருக்கிறது. கையோடு அம்மாவுக்கு ஒரு குடையும் வாங்கிவிடுங்கள். அலுவலகம் எந்தப் பகுதி என்று எழுதினால், பக்கத்தில் மழைத்தண்ணீர் தேங்காத தெருக்கள் எவை என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.