மருந்து கொடுத்தால் சரியாகிறது, மறுபடியும் வருகிறதே!

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். மூத்தவன் நான்கு வயதுக் கடுவன், கருத்தடை செய்தாகிவிட்டது. கடந்த ஒரு வருடத்தில் மூன்று முறை அவனுக்குச் சிறுநீர்ப் பிரச்சினை வந்துவிட்டது. அடிக்கடி போய் உட்காருகிறான், சொட்டுச் சொட்டாக வருகிறது, சில சமயம் ரத்தமும் தெரிகிறது. குளியலறைத் தரையிலும் என் படுக்கையிலும்கூடப் போய்விடுகிறான். ஒவ்வொரு முறையும் ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள், ஒரு வாரத்தில் சரியானது. சில மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. கிருமி முழுதாகப் போகவில்லையா? இன்னும் வீரியமான மருந்து கேட்க வேண்டுமா? இளையவள் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. அவளிடமிருந்து தொற்றியிருக்குமா? இரண்டு பேருக்கும் டிரை ஃபுட் மட்டும்தான் கொடுக்கிறோம். படுக்கையை நனைத்த அன்று கோபத்தில் அவனை அதட்டிவிட்டேன். அதிலிருந்து மனசே சரியில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அந்த வருத்தத்தை முதலில் இறக்கி வையுங்கள். அடுத்த முறை அதட்ட மாட்டீர்கள், அது போதும். அவன் வீம்புக்காகப் படுக்கையை நனைக்கவில்லை. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் எரிகிறது, வலிக்கிறது. அந்த வலி எங்கே வந்ததோ, அந்த இடத்தின் மேலேயே பூனைக்குப் பயம் வந்துவிடும். மணல் தொட்டியில் வலித்தது, வேறு இடத்தில் வலிக்காதா என்று பார்க்கிறான். மெத்தென்ற படுக்கையையும் குளிர்ந்த தரையையும் அவன் தேடிப் போவது அதனால்தான்.

மற்றதற்குள் போகுமுன் ஒரு எச்சரிக்கை. அவன் ஆண் பூனை. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் நீளமானது, நுனியில் மிகவும் குறுகலானது. சளியும் படிகத் துகள்களும் சேர்ந்து அதை அடைத்துவிட முடியும். முக்கி முக்கிப் பார்த்தும் ஒரு சொட்டுகூட வரவில்லை, கத்துகிறான், வாந்தி எடுக்கிறான், சாப்பிடவில்லை, ஒளிந்துகொள்கிறான் என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். முழு அடைப்பில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடலாம். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து நேரத்தைத் தவறவிடுகிறார்கள். தொட்டியில் முக்குகிற ஆண் பூனையைப் பார்த்தால் முதல் சந்தேகம் சிறுநீர் மேல்தான் வர வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்க்கவும் வேண்டாம். நேராக மருத்துவரிடம் போங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

இன்னும் வீரியமான மருந்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் வேண்டாம் என்பதுதான். மனிதர்களை வைத்துப் பார்ப்பதால், சிறுநீரில் எரிச்சல் என்றாலே நமக்குக் கிருமி நினைவுக்கு வருகிறது. இளம் பூனைகளிடம் கிருமித் தொற்று அபூர்வம். பத்து வயதைத் தாண்டிய பூனைகளிடமும், சிறுநீரக நோயோ நீரிழிவோ தைராய்டு மிகையோ உள்ள பூனைகளிடமும்தான் அது அதிகம். உங்கள் கடுவன் வயதில் இப்படி வரும் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்தால் கிருமியும் இருக்காது, கல்லும் இருக்காது. சிறுநீர்ப்பையின் உட்சுவர் மட்டும் புண்ணாகிச் சிவந்திருக்கும். மருத்துவர்கள் இதைக் காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி என்பார்கள்.

அப்படியானால் ஆண்டிபயாடிக் கொடுத்ததும் எப்படிச் சரியானது? இந்த அழற்சி பெரும்பாலான பூனைகளில் ஐந்து முதல் ஏழு நாட்களில் தானாகவே அடங்கிவிடும். நீங்கள் மருந்து கொடுத்ததும் அதே ஒரு வாரம்தான். பெருமை மருந்துக்குப் போய்விட்டது, காரணம் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் மறுபடியும் வருகிறது. இளையவளிடமிருந்து தொற்றியிருக்குமோ என்ற பயமும் வேண்டாம், இது அப்படிப் பரவுகிற நோயில்லை. ஆனால் இளையவளுக்கும் இதற்கும் வேறு ஒரு தொடர்பு இருக்கலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் கடிதத்தை வைத்துத்தான் சொல்கிறேன். உறுதிப்படுத்தச் சோதனை வேண்டும். மூன்று முறை வந்துவிட்ட பிறகும் மேலோட்டமாக மருந்து கொடுத்து அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வயிற்றுக்கு வெளியிலிருந்து மெல்லிய ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்தே சிறுநீர் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்கவே கொடுமையாக இருக்கும், ஆனால் பெரும்பாலான பூனைகள் அதை அமைதியாகப் பொறுத்துக்கொள்கின்றன. தொட்டியிலிருந்து எடுத்த சிறுநீரில் வெளிக் கிருமிகள் கலந்திருக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். 'சிறுநீரில் படிகம் இருக்கிறது' என்று ரிப்போர்ட் வந்தால் உடனே கலங்காதீர்கள். எடுத்த சிறுநீரை நேரம் கழித்தோ ஃப்ரிட்ஜில் வைத்தோ பார்த்தால் படிகம் தானாகவே உண்டாகும். ஆரோக்கியமான பூனையின் சிறுநீரிலும் கொஞ்சம் இருக்கும். படிகம் இருந்தால் கல் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இனி வராமல் தடுக்க என்ன செய்வது? ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்யச் சொல்வீர்கள் என்று யார் கேட்டாலும் நான் தண்ணீரைத்தான் சொல்வேன். வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். இரையின் உடம்பில் இருந்த ஈரத்தை வைத்தே காலம் தள்ளியவை. அதனால் பூனைக்குத் தாகம் சீக்கிரம் எடுக்காது, சிறுநீரைக் கெட்டியாக்கி நீரைச் சேமித்துக்கொள்ளும். அந்தக் கெட்டிச் சிறுநீர் புண்ணான உட்சுவரை மேலும் எரிக்கும், படிகம் சேரவும் வசதி செய்து கொடுக்கும். நான்கைந்து கிலோ பூனைக்கு உணவிலும் குடிப்பதிலுமாக ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 மில்லி நீர் போக வேண்டும். டிரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஈரம் இருக்காது. வெட் ஃபுட்டில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் ஈரம்தான். டிரை ஃபுட் மட்டும் தின்கிற பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், ஆனால் அந்தக் குறையை முழுதாக ஈடுகட்டாது.

இந்த அழற்சி வந்த பூனைகளுக்கு ஒரே வகை மருத்துவ உணவை ஈர வடிவிலும் உலர் வடிவிலும் கொடுத்து ஒரு வருடம் கவனித்த ஆய்வு ஒன்று 1999இல் வந்தது. ஈர உணவு தின்றவற்றில் 11 சதவீதத்துக்குத்தான் மறுபடி வந்தது. உலர் உணவு தின்றவற்றில் 39 சதவீதம். உங்கள் வீட்டில் முதலில் மாற வேண்டியது கிண்ணத்தில் இருக்கும் உணவுதான் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யாதீர்கள். பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஏழு முதல் பத்து நாட்களில் மாற்றுங்கள். பிடிவாதக்காரனாக இருந்தால் இன்னும் மெதுவாகப் போகலாம், அவசரமில்லை. பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகிவிடும், குண்டான பூனைக்கு இன்னும் ஆபத்து. வெட் ஃபுட் பழகியதும் அதிலேயே ஒன்றிரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான நீர் விட்டுக் குழைத்துக் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணங்களை வீட்டின் பல மூலைகளில், உணவுக்கும் மணல் தொட்டிக்கும் தள்ளி வையுங்கள். மீசை இடிக்காத அகலமான கிண்ணமாக இருக்கட்டும், தினமும் கழுவி நிரப்புங்கள். சில பூனைகளுக்கு ஓடுகிற நீர்தான் பிடிக்கும், உங்கள் கடுவன் குழாயடியில் போய் நிற்கிறவன் என்றால் நீரூற்றுக் கிண்ணம் வாங்கிப் பார்க்கலாம். கோழி வேகவைத்த நீரும் கொடுக்கலாம், ஆனால் உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கில் முடியும்.

இனி இளையவள். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அந்தப் பதினான்கு மாதம்தான். மூன்று முறையும் அவள் வந்த பிறகுதான் அவனுக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற கால்நடை மருத்துவர் இந்த நோயைப் பல வருடம் ஆராய்ந்தார். இந்தப் பூனைகளின் கோளாறு சிறுநீர்ப்பையோடு நிற்பதில்லை, மனஅழுத்தம் வரும்போது அவற்றின் நரம்பு மண்டலமே அளவுக்கு மீறித் துடிக்கிறது, அதன் அடி சிறுநீர்ப்பையில் விழுகிறது என்பது அவருடைய குழு கண்டது. 46 பூனைகளின் வீட்டுச் சூழலை மாற்றி, 10 மாதம் பின்தொடர்ந்து, தொந்தரவு வெகுவாகக் குறைந்ததை 2006இல் வெளியிட்டார்கள். இதைப் படித்த பிறகு இந்த நோயோடு வரும் யாரிடமும் வீட்டைப் பற்றிக் கேட்காமல் என்னால் மருந்தைப் பற்றிப் பேச முடிவதில்லை.

இரண்டும் சண்டை போடுவதில்லையே என்பீர்கள். பூனைகளின் பகை பெரும்பாலும் சத்தமில்லாதது. ஒன்று வாசலில் படுத்துக்கொண்டு வெறித்துப் பார்க்கும், மற்றது தொட்டிக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு திரும்பிவிடும். இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து இதைக் கவனியுங்கள். அவன் போகும் வழியில் அவள் நிற்கிறாளா? அவன் சாப்பிடும்போது பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறானா? அப்படித் தெரிந்தால் எல்லாவற்றையும் பிரித்து வையுங்கள். உணவு ஒருவரையொருவர் பார்க்காத இடத்தில், தண்ணீர் தனித்தனியாக, படுக்க இரண்டு உயரமான இடம், ஒளிய ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. ஜன்னலுக்கு வெளியே தெருப் பூனை வந்து உட்கார்ந்து பயமுறுத்துகிறது என்றால் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். தினமும் இரண்டு வேளை பத்துப் பத்து நிமிடம் அவனோடு மட்டும் விளையாடுங்கள், முடிந்தால் ஒரே நேரத்தில். ஓடியாடினால் எடையும் ஏறாது. பருமனான, சோம்பியிருக்கும் வீட்டுப் பூனைகளுக்குத்தான் இது அதிகம் வருகிறது.

மணல் தொட்டியில் கணக்கு எளிது. பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று. மூன்றையும் வரிசையாக ஒரே இடத்தில் வைத்தால் பூனைக்கு அது ஒரே தொட்டி, அவள் ஒருத்தியே நின்று மூன்றையும் காவல் காத்துவிடுவாள். தொட்டி பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். மூடி வேண்டாம், வாசனை மணல் வேண்டாம். கட்டியாகும் மணலாக இருந்தால் நல்லது. அள்ளும்போது கட்டியின் அளவையும் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளலாம். திடீரென்று சின்னச் சின்னக் கட்டியாக நிறைய வந்தால், அவன் முக்கத் தொடங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தால் கதை கொஞ்சம் வேறு. ஸ்ட்ரூவைட் என்ற, மக்னீசியம் சேர்ந்த கல்லாக இருந்தால் மருத்துவ உணவிலேயே சில வாரத்தில் கரைந்துவிடும். கால்சியம் ஆக்ஸலேட் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். அதனால் சிறுநீரைப் புளிப்பாக்குகிறேன் என்று வினிகரோ கிரான்பெர்ரியோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். 1980களில் ஸ்ட்ரூவைட்டைத் தடுக்கப் பூனை உணவுகளில் மக்னீசியத்தைக் குறைத்துப் புளிப்பைக் கூட்டினார்கள். ஸ்ட்ரூவைட் குறைந்தது, அதன் பின்னாலேயே ஆக்ஸலேட் கல் கூடியது. ஒரு கல்லுக்கு மருந்தாவது இன்னொரு கல்லுக்கு வழி திறக்கும்.

மறுபடியும் ஒரு முறை வந்தால் மனம் விட்டுவிடாதீர்கள். வீட்டை மாற்றியதன் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். இடைவெளி நீண்டுகொண்டே போகிறதா என்று பாருங்கள். வரும்போது மருத்துவரிடம் முக்கியமாகக் கேட்க வேண்டியது வலி மருந்து. பூனைக்கு அந்த ஒரு வாரம் நரகம். வீட்டில் நமக்கு இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதையும் தொடாதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

மூன்றாவது தொட்டியை எங்கே வைப்பது என்று யோசிப்பீர்கள். இப்போதைக்கு உங்கள் படுக்கை அறையிலேயே வையுங்கள். அவன் தேடி வந்த இடம் அதுதான். மெத்தையை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள், அது அவனுக்குச் சிறுநீர் வாடை போலவே இருக்கும். செல்லப்பிராணிகளின் கறைக்கென்றே வரும் என்சைம் திரவத்தால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு விரிப்பை விரியுங்கள். அவன் அந்தத் தொட்டியைத் தொடர்ந்து பயன்படுத்தத் தொடங்கிய பிறகு, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம்.