பறிக்கப்பட்ட பிள்ளைகள்

கேள்வி: ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் பிள்ளைகளை அரசே பறித்துக்கொண்டது என்கிறார்களே, உண்மையா? – வாசகர் ஒருவர், குடியாத்தம்.

பதில்: உண்மைதான் ஐயா. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1915-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நீதிமன்ற விசாரணை ஏதுமின்றியே பழங்குடிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் அதிகாரம் பழங்குடியினர் பாதுகாப்பு வாரியத்துக்குக் கிடைத்தது. வெளிர்நிறக் கலப்பினக் குழந்தைகளையே பெரிதும் தேடினார்கள் என்பதால், போலீஸ் வருவதை அறிந்த தாய்மார்கள் பிள்ளையின் உடலெங்கும் கரியைப் பூசி மறைத்தார்கள். அந்தக் கைகளின் நடுக்கத்தை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பிடிபட்ட சிறுமிகள் விடுதிகளில் வீட்டுவேலைக்குப் பழக்கப்பட்டார்கள். 1910 முதல் 1970 வரை, பத்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான பழங்குடிக் குழந்தைகள் பிரிக்கப்பட்டதாக 1997-இல் வெளியான விசாரணை அறிக்கை மதிப்பிட்டது. பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008 பிப்ரவரி 13 அன்றுதான்.