ஓவியம், கேள்வி–பதில்: தேதியே தலைப்பானபோது

கேள்வி: சென்ற இதழில் நீங்கள் பெயர் மட்டும் சொல்லிப்போன ஸாவோ வூ கியின் ஓவியங்களைத் தேடிப் பார்த்தேன். சீன எழுத்து மாதிரி ஏதோ தெரிகிறது. சீனம் தெரிந்தவர்களால் அதைப் படிக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: முடியாது. ஷாங் அரச மரபின் காலத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஆமையோட்டிலும் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் குறி கேட்பதற்காக எழுத்துகளைக் கீறினார்கள். 1950களின் நடுவில் அந்தச் சாயலில் ஸாவோ தாமே குறிகளை உண்டாக்கிக்கொண்டார். 1954இல் வரைந்த 'காற்று' பாரிஸின் பொம்பிடு மையக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. மங்கலான பரப்பில் குறிகள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. ஒன்றுக்கும் பொருள் கிடையாது. ஆனாலும் எதுவோ அசைகிறது. நான் அதிகம் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஓவியம் இதுதான்.

1920இல் பெய்ஜிங்கில் பிறந்தவர், சிறுவயதிலேயே தாத்தாவிடம் எழுத்துக்கலை பழகினார். ஹாங்சோ கலைப்பள்ளியில் படித்துவிட்டு 1948இல் பாரிஸ் போனார். அங்கே 'சீனத்து ஓவியர்' என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று, சீன எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உரிய மைத்தூரிகையையே தவிர்த்தார். 1951இல் சுவிட்சர்லாந்தில் பால் க்ளேயின் ஓவியங்களைப் பார்த்த பிறகுதான் குறிகள் பக்கம் திரும்பினார். தன் ஊர்ச் சொத்துக்கு ஓர் ஐரோப்பியர் வழிகாட்டியது எனக்கு இன்றும் வியப்பு.

கேள்வி: அவருடையவை இயற்கை ஓவியங்கள் என்கிறார்கள். மரமும் இல்லை, மலையும் இல்லை. தலைப்பில்கூட வெறும் தேதி. எதை வைத்து இயற்கை என்பது?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: 1950களின் கடைசியில் தலைப்பு வைப்பதை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் குறிக்கத் தொடங்கினார். பார்ப்பவர் மலையைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதற்காக என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய குறிகளும் அப்போது கரைந்துபோயின. மிஞ்சியது கையின் வீச்சு. மைத்தூரிகை தாளில் பட்டுவிட்டால் அழிக்க வழியில்லை. எங்கே அழுத்தினார், எங்கே தயங்கினார், எங்கே மை தீர்ந்து இழை இழையாகப் பிரிந்தது, எல்லாம் தெரிந்துவிடும். அந்தக் கையசைவை அவர் எண்ணெய் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் வண்ணத்தை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்து மை போலவே ஓடவிட்டார். ஒரு பக்கம் கருங்கோடுகள் முட்டி மோதும். பக்கத்திலேயே ஒன்றுமே வரையாத வெளிச்சம் விரியும். மலை–நீர் எனப்படும் பழைய சீன இயற்கைக் காட்சி ஓவியங்களில் தாளை வெறுமையாக விட்டு மூடுபனியைக் காட்டுவார்களே, அதே வேலை. சோங் அரச மரபுக் காலத்து ஓவியர் மி ஃபூவை அவர் போற்றியதில் காரணம் இருக்கிறது: எழுத்துக்கலை, மூடுபனி மலைகள் இரண்டிலும் கைதேர்ந்தவர் மி ஃபூ.

உங்கள் ஊருக்கும் இவரோடு உறவு உண்டு. அங்குள்ள ராஃபிள்ஸ் சிட்டி கட்டட வளாகத்துக்காகக் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் கேட்டு வரையவைத்த 'ஜூன்–அக்டோபர் 1985' மூன்று பலகைகளாகப் பத்து மீட்டர் அகலம். 2018இல் ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அத்தனை அகலத்தில் ஒரு கோடு தளராமல் ஓடுவதைப் பேசியிருக்கலாம்.

தேதி மட்டும் போதாமல் போன ஓவியமும் ஒன்று உண்டு. மனைவி மேயின் நோய்க்காலத்தில் எண்ணெய் வண்ணத்தைத் தொட முடியாமல், கவிஞர் ஆன்ரி மிஷோவின் தூண்டுதலால், ஒதுக்கிவைத்த மைக்கே திரும்பினார். 1972இல் மே இறந்தார். அவ்வாண்டு வரைந்த பெரிய ஓவியத்தில் தேதியோடு அவள் நினைவும் தலைப்பில் ஏறியது.

கேள்வி: இதைப் பார்த்து என் மகள் மைத்தூரிகை பழக ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்கலாம்?
– வாசகி, ஈரோடு

பதில்: நின்றுகொண்டு, மணிக்கட்டை வளைக்காமல் தோளிலிருந்து கை வரட்டும். மை உறிஞ்சும் தாள் வேண்டும். வழவழப்பான தாளில் எதுவும் தெரியாது. முதலில் ஒரே ஒரு கிடைக்கோடு. மை தீரும்வரை தூரிகையை எடுக்கக் கூடாது, சரிசெய்யவும் கூடாது. பிடிக்காவிட்டால் புதுத் தாளில் வரையட்டும். பழைய தாள்களைத் தேதி போட்டு வைத்திருங்கள்.