ஃபயர்ஃபின்ச் படத்தில் சிவப்பு மட்டும் அப்பிக்கொள்வது ஏன்?

ஃபயர்ஃபின்ச் என்ற சின்னச் சிவப்புக் குருவியின் படத்தில் இறகு தெரியாமல் சிவப்பு அப்பிக்கொள்கிறது, லென்ஸை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) மூன்றில் இரண்டு ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்கும் படி) குறைத்து, ராவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் RAW கோப்பாக) எடுங்கள். கென்யாவின் பாரிங்கோ ஏரிக்கரையில் நீங்கள் எடுத்த ஆண் ஃபயர்ஃபின்ச் சிவப்புச் சாயம் அப்பியதுபோல் இருப்பதற்குக் காரணம், பெரும்பாலும் படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறப் பதிவுகளில் (சேனல்களில்) சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்ததுதான். பல கேமராக்களின் வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச வரைபடம்) மொத்த வெளிச்சத்தைத்தான் காட்டும். அது ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு வலது ஓரத்தில் முட்டி நிற்கும், எச்சரிக்கையும் சிமிட்டாது.

சோதித்துப் பார்க்க:

1. பழைய படத்தையே ஆர்ஜிபி (மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும்) ஹிஸ்டோகிராமில் திறந்து சிவப்புக் கோட்டைப் பாருங்கள்.

2. மார்பின் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். அவை கூர்மையாகத் தெரிந்தும் சுற்றியுள்ள சிவப்பில் இறகு தெரியவில்லையா? ஃபோகஸ் சரி, எக்ஸ்போஷர்தான் தவறு. புள்ளிகளும் மங்கல் என்றால் கேமரா முன்னாலிருந்த புல்லைப் பிடித்திருக்கிறது; ஒற்றைப் புள்ளி ஃபோகஸுக்கு மாறுங்கள். பத்து சென்டிமீட்டர் பறவை, ஒரு புல்தண்டு போதும் மறைக்க.

கேமராவில் நிறங்களைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ கலர் ஸ்டைல் வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். இந்தக் குருவிகளுக்கு அது சுத்தமாக வேண்டாத வேலை.

ஜேபெக்கில் வழிந்துபோன சிவப்பை மீட்க முடியாது. எக்ஸ்போஷரைக் குறைப்பது நேர்வெயிலுக்கு மட்டும்தான். கார்டன்-ப்ளூ என்ற இன்னொரு சின்னக் குருவியின் நீல உடம்புக்கும் இதையே வைத்தால் நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) ஏறிவிடும். விதை தின்னிகளான இந்தக் குருவிகள் தண்ணீர் தேடி வந்தே ஆகும் என்பதால், காலை வெயில் ஏறுமுன் நீர்த்தொட்டிப் பக்கம் தாழ்வாக உட்கார்ந்து பாருங்கள்.